மலையகத்தில் உயிரியல் படிப்பிக்க வருகிறீர்களா? தேயிலைச் செடியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக விஞ்ஞானம் படிப்பிக்க இலங்கையின் மலையகத்துக்கு வருகிற ஆசிரியர்கள் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆய்வுகூடம் எங்கே? பல தோட்டப் பாடசாலைகளில் அது ஒரு அலுமாரி. அதற்குள் ஒரு நுணுக்குக்காட்டி, நாலைந்து சோதனைக் குழாய்கள், மூடி இறுகிப்போன சில போத்தல்கள் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, பாடப்புத்தகத்தை வாசித்துக் கரும்பலகையில் படம் கீறித்தான் இனி ஆறேழு வருடம் ஓட்ட வேண்டும் என்று பலர் அந்த வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் உயிரியலுக்கு வேண்டிய பொருட்களில் பாதிக்கு மேல் உங்கள் பாடசாலை வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கிறது, அதைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்த நாற்பது பேர் உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தரம் 6 முதல் 11 வரை படிப்பிப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் வகுப்பில் பின்பற்றுகிற ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் பொருள் பிள்ளையின் கைக்குப் போக வேண்டும், பிறகு அதைப் பார்த்து அவர்கள் கேள்வி கேட்க வேண்டும், அப்புறம் வரைய வேண்டும், கடைசியில்தான் அதன் விஞ்ஞானப் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பெயரை முதலில் எழுதினால் பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, பாடம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதல் வேலை: நடந்து பாருங்கள்

தவணை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு பின்நேரம், அந்த ஊரிலேயே பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அதிபரிடமும் சொல்லிவிட்டு, பாடசாலையைச் சுற்றி அரை மணித்தியாலம் நடங்கள். கையில் ஒரு கொப்பி போதும். எந்தக் கானில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது, எந்த மதிலில் பாசியும் பன்னமும் (ஃபேர்ன்) வளர்கிறது, காசித்தும்பை எங்கே தானாக முளைத்திருக்கிறது, கைவிடப்பட்டு உயர்ந்துபோன தேயிலை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சொல்கிற பெயரையே எழுதுங்கள், அவர்கள் சொல்வது புத்தகத்தில் இல்லாத பெயராக இருந்தாலும் சரி.

அந்த உயர்ந்த தேயிலையை விட்டுவிடாதீர்கள். இடுப்பளவு செடியாகவே தேயிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அது வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் என்பதை நேரில் காட்டுவதே ஒரு பாடம். நுனி மொட்டைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் ஏன் எழும்புகின்றன, கவ்வாத்து வெட்டிய மலை சில வாரத்தில் ஏன் தளிர் விடுகிறது என்ற கேள்வி அங்கேதான் வரும். அதற்கான பதில் நுனியில் உருவாகி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும் ஒட்சின் என்ற ஓமோன். தேயிலைப் பூவும் அங்கேதான் கிடைக்கும்: வெள்ளை இதழ், நடுவில் நிறைய மஞ்சள் கேசரங்கள். செவ்வரத்தையை வெட்டிக் காட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, நடக்கட்டும், ஆனால் பக்கத்தில் ஒரு தேயிலைப் பூவையும் வையுங்கள். அம்மா தினமும் தொடுகிற செடிக்கு இப்படி ஒரு பூ இருக்கிறதா என்று ஆச்சரியப்படுகிற பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஒரு பெட்டி தயார் செய்யுங்கள்

பெரிய செலவு இல்லை. மூடியுள்ள ஜாம் போத்தல்கள் ஐந்தாறு, வெள்ளைக் கடதாசி, ஒட்டும் டேப், நிறமில்லாத நகப்பூச்சு, சிவப்பு உணவு நிறம், சவர அலகு (இது உங்கள் கையில் மட்டும்), வினாகிரி, உப்பு, பலூன், ஈஸ்ட் பக்கெட், ஒரு வெப்பமானி. அயடீன் கரைசல் கிடைக்காவிட்டால் பார்மசியில் விற்கும் பொவிடோன் அயடீனைத் தண்ணீர் விட்டு ஐதாக்கிப் பயன்படுத்தலாம், மாப்பொருளில் பட்டால் கருநீலம் நன்றாகவே வரும். உருளைக்கிழங்குத் துண்டிலும் சோற்றிலும் கரட்டிலும் வெங்காயத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டு எதில் நிறம் மாறுகிறது என்று பார்க்க வைத்தால், தரம் 6 பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்க அசைய மாட்டார்கள்.

நுணுக்குக்காட்டி இருந்தால் முதலில் வில்லையைப் பாருங்கள். நம்முடைய ஈரக் காற்றில் வில்லையில் பங்கசு (பூஞ்சை) படர்ந்துவிடும், அது அரித்துவிட்டால் பிறகு துடைத்தும் பயனில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு வையுங்கள், பக்கெட்டுகளை அவ்வப்போது காய வைத்துத் திரும்பப் போடுங்கள். நுணுக்குக்காட்டியே இல்லையென்றால், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி 2014-இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப் என்ற கடதாசி நுணுக்குக்காட்டியைப் பற்றி விசாரியுங்கள், மடித்துச் செய்யும் அட்டைக்குள் ஒரு சிறு கண்ணாடி மணி, சுமார் 140 மடங்கு பெருக்கம். அதுவும் கிடைக்காத இடத்தில், பழுதான லேசர் டோர்ச்சின் உள்ளே இருக்கும் சிறு வில்லையைக் கழற்றித் தொலைபேசிக் கமராவின் மேல் ஒட்டிப் பாருங்கள். கலம் தெரியாது, ஆனால் இலை மயிரும் பூச்சியின் காலும் பன்னத்தின் வித்திக் கூட்டங்களும் அழகாகத் தெரியும்.

முதல் பெரிய பாடம்: கொழுந்து ஏன் கறுக்கிறது?

நொதியம் (என்சைம்) பற்றிய பாடத்தை இப்படித் தொடங்கிப் பாருங்கள், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். இளங்கொழுந்து இரண்டு கைப்பிடி வேண்டும். பிள்ளைகளை மலையில் போய்க் கிள்ளி வரச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கு வீண் பிரச்சினை. பாடசாலை வேலியோரச் செடியிலோ வீட்டுத் தோட்டச் செடியிலோ, அண்மையில் மருந்து அடிக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு எடுங்கள். ஒரு இரவு கடதாசியில் பரப்பி வாடவிட்டால் கசக்குவது இலகு.

நாலு பங்காகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதைக் கைகளுக்கிடையில் சாறு வரும்வரை உருட்டிக் கசக்குங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஆறிய பிறகு அதே மாதிரிக் கசக்குங்கள் (கொதிநீர் உங்கள் பொறுப்பு, பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்). நாலாவதைக் கசக்கி மேலே தேசிக்காய்ச் சாறு பிழியுங்கள். நாலையும் வெள்ளைக் கடதாசியில் வரிசையாக வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறத்தையும் வாசனையையும் எழுதச் சொல்லுங்கள். கசக்கியது செம்பு நிறமாக மாறும், பச்சை வாடை போய் தேயிலை வாசம் வரத் தொடங்கும். கொதிநீர் கண்டது பச்சையாகவே நிற்கும். தேசிக்காய் பட்டது மெதுவாகத்தான் மாறும். அப்படியே வைத்ததில் பெரிய மாற்றம் இராது.

இப்போது கேளுங்கள், ஏன்? என் வகுப்பில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்பவரின் மகன் ஒருவன் எழும்பி, “அப்பா சொல்லுவாரு டீச்சர், ரோலர்ல அரைச்சாத்தான் நெறம் வரும்னு” என்றான். அங்கிருந்து பாடம் தானாகப் போனது. இலைக் கலத்துக்குள் பொலிபீனோல்கள் என்ற இரசாயனப் பொருட்கள் ஒரு பக்கமும் அவற்றைத் தாக்கும் நொதியம் இன்னொரு பக்கமும் பிரிந்து இருக்கின்றன, கலம் உடைந்தால் இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கம் நடக்கிறது. வெப்பம் நொதியத்தின் அமைப்பைக் குலைத்துவிடும், அதனால்தான் கொதிநீர் கண்ட இலை கறுக்கவில்லை, பச்சைத் தேயிலை செய்கிற முறையும் இதுவே. ஸ்டோரில் வாட்டுவது, அரைப்பது, பரப்பி வைப்பது, கடைசியில் சூட்டில் உலர்த்தி அந்தத் தாக்கத்தை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உயிரியல் காரணம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டோரில் அந்தப் பரப்பி வைக்கும் கட்டத்தை நொதித்தல் என்பார்கள். நம் பாடப்புத்தகத்தில் நொதித்தல் என்றால் மதுவம் வெல்லத்தைச் சிதைத்து அற்ககோலும் காபனீரொட்சைட்டும் உண்டாக்குவது. தேயிலையில் நடப்பது அது இல்லை, அங்கே நுண்ணங்கிகளுக்கு வேலை இல்லை, அது ஒட்சியேற்றம். இதை அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பரீட்சைத் தாளில் இரண்டையும் குழப்பி எழுதுவார்கள். அடுத்த பாடத்தில் போத்தலில் இளஞ்சூடான சீனித் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு வாயில் பலூனை மாட்டி ஊதவிட்டால் வித்தியாசம் மனதில் நிற்கும்.

குளிரைக் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம், வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டித்தான். வழிகாட்டி நூலில் “இரண்டு நாளில் முளைக்கும்” என்று இருந்தால் அது கொழும்பு வெயிலுக்குச் சொன்னது. நான் வந்த முதல் வருடம் ஜனவரியில், வெள்ளிக்கிழமை பயற்றை ஈரப்பஞ்சில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை முளை காட்டலாம் என்று வகுப்புக்குப் போனேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தரம் 7 பிள்ளை ஒருத்தி, “எங்க வீட்டு அடுப்பங்கரையில வச்சா மொளைக்கும் டீச்சர்” என்று ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் நீள முளையோடு கொண்டு வந்தாள். வகுப்பில் இருந்தது அப்போதுதான் தோல் வெடித்திருந்தது. அன்றிலிருந்து முளைத்தல் பாடத்தை இரண்டு போத்தலோடுதான் தொடங்குகிறேன், ஒன்று வகுப்பு யன்னலில், ஒன்று யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில், இரண்டுக்கும் வெப்பநிலை எழுத ஒரு அட்டவணை. ஈஸ்டும் அப்படித்தான், பலூன் ஊத வேண்டுமென்றால் போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். பாண் துண்டில் பூஞ்சணம் வளர்ப்பதற்கு ஒரு வாரத்துக்கு மேல் நேரம் கொடுங்கள், பையை ஒட்டி மூடிவிட்டு வெளியிலிருந்தே பார்க்க வையுங்கள், திறக்காமலே எறியுங்கள்.

மழைக்கும் ஒரு கணக்கு வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஆட்டி வைக்கும், அந்த நேரத்தில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெயில் இல்லாத வாரத்தில் ஒளித்தொகுப்புப் பரிசோதனை செய்தால் இலையில் மாப்பொருள் சரியாகத் தெரியாது. ஆகவே அந்தப் பாடத்தை உங்கள் பக்கத்து வெயில் மாதத்துக்கு நகர்த்துங்கள், மழை மாதத்தைப் பாசி, பன்னம், பங்கசு, அட்டைக்குக் கொடுங்கள். பச்சையத்தை நீக்க இலையைச் ஸ்பிரிட்டில் சூடாக்கும்போது நேரடி நெருப்பு கூடவே கூடாது, அடுப்பை அணைத்துவிட்டுக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் குழாயை நிறுத்துங்கள்.

மழைக்காலம் உண்மையில் நமக்குக் கிடைத்த வரம். பன்ன இலையின் அடியில் மண்ணிறப் புள்ளிகள் முதிர்ந்ததாகப் பார்த்து எடுத்து, வெள்ளைக் கடதாசியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் இலை வடிவிலேயே தூளாக வித்திகள் உதிர்ந்திருக்கும். தேயிலைக் கொம்பிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் இலைக்கன், ஒரு பங்கசும் ஒரு அல்காவும் சேர்ந்து வாழ்வது என்று சொல்லி ஒன்றியவாழ்வுக்கு உதாரணம் காட்டலாம். அட்டை தானாகவே காலில் ஏறி வகுப்புக்கு வரும். அதை உப்புப் போட்டுக் கொல்ல விடாமல், ஈர இலையோடு ஒரு போத்தலில் ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு முனையிலும் உறிஞ்சி இருப்பதையும் உடல் வளையம் வளையமாக இருப்பதையும் பார்த்த பிறகு வெளியே விட்டுவிடுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் ஏன் சீக்கிரம் நிற்பதில்லை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள கேள்வி: அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

தண்டில் நீரை மேலே கொண்டுபோகும் காழ் பற்றிய பாடத்துக்குக் கானோரத்துக் காசித்தும்பை. தண்டு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவதால், சிவப்பு நிறத் தண்ணீரில் நிறுத்தினால் நிறம் ஏறுவது வெட்டாமலே தெரியும். இலையிலுள்ள நுண்ணிய துளையான இலைவாய்க்கு நகப்பூச்சு: தேயிலையின் அடிப்பக்கம் மெல்லியதாகப் பூசிக் காய்ந்ததும் டேப்பால் உரித்து நுணுக்குக்காட்டியில் வையுங்கள், மேற்பக்கத்திலும் அப்படியே செய்யுங்கள். தேயிலைக்கு இலைவாய் அடிப்பக்கத்தில்தான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நம் சொந்தக் கதையும் உயிரியல்தான்

நுண்ணங்கிகளும் நோயும் என்ற பகுதிக்கு வரும்போது கோப்பியின் கதையைச் சொல்லாமல் விடாதீர்கள். இந்தப் பிள்ளைகளின் முன்னோர்களில் முதலில் வந்தவர்கள் தேயிலைக்கு வரவில்லை, கோப்பிக்கு வந்தார்கள். 1869-இல் இலங்கையில் கோப்பி இலைத் துரு நோய் பதிவானது. எமிலியா வசுத்தாத்திரிக்சு (Hemileia vastatrix) என்ற ஒரு பங்கசு, இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் தெரிவது, சில பத்து வருடத்தில் ஒரு முழுப் பயிர்த்தொழிலையே சாய்த்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத வித்திகள் காற்றில் போய் ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன என்று தெரிந்த பிறகு பங்கசு என்ற சொல் பிள்ளைக்கு அந்நியமாக இராது. தேயிலைக்கும் 1946-இல் கொப்புள நோய் வந்து சேர்ந்தது, அதுவும் பங்கசு, மழையும் மூடுபனியும் அதற்குத் தோது. மழைக்காலத்தில் இளம் இலையில் ஒளி புகும் வட்டப் புள்ளியும், முதிர்ந்தால் அடிப்பக்கம் வெண்ணிறக் கொப்புளமுமாக இருக்கும், இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

பாரம்பரியம் (பெற்றோரின் இயல்புகள் சந்ததிக்குப் போவது) பாடத்துக்கு விதைத் தேயிலை மலையும் வீ.பீ. (VP, வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த) தேயிலை மலையும் அருகருகே தெரியும் இடம் ஒன்று போதும். விதையில் வந்தவற்றில் செடிக்குச் செடி இலையின் அளவும் நிறமும் வேறு, ஒரே தாய்ச் செடியின் வெட்டுத்துண்டுகளில் வந்த வீ.பீ. எல்லாம் ஒரே அச்சு. பத்துச் செடியில் இலை நீளம் அளந்து இரண்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். ஒரே அச்சாக இருப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டால், கோப்பிக் கதை கேட்ட வகுப்பு யோசித்துப் பதில் சொல்லும்.

குளவி பற்றிப் பேசும்போது கவனம். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி உறவை இழந்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அதை வேடிக்கைக் கதையாக எடுக்காமல், ஒவ்வாமை என்றால் என்ன, மூச்சு முட்டினால் ஏன் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.

அதே கவனம் சுகாதாரப் பாடங்களிலும் வேண்டும். குடற்புழு, இரத்தச்சோகை, போசாக்குக் குறைபாடு, இவற்றுக்குத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை உதாரணம் காட்டாதீர்கள். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், கூடாத சூழலுக்கு உதாரணம் என்று லயத்தைச் சொன்ன நாளில் வகுப்பின் பாதி தலையைக் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் பிறகு அவரிடம் கேள்வியே கேட்கவில்லை. இனப்பெருக்கப் பாடத்தை “வீட்டில் வாசியுங்கள்” என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு மூடிய பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்வித் துண்டு போடச் சொல்லுங்கள், அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை ஒரு நாள் அழையுங்கள். மாதவிடாய் பற்றிப் பையன்களும் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

சொற்களைப் பொருத்திவிடுங்கள்

பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிறார்கள், நல்லதுதான், நானும் காட்டுவேன். ஆனால் அங்கே செல் என்பது நமக்குக் கலம், திசு என்பது இழையம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, நுண்ணோக்கி நுணுக்குக்காட்டி, பூஞ்சை பங்கசு, சவ்வூடு பரவல் பிரசாரணம், ஸைலம் காழ், ஃபுளோயம் உரியம். இரண்டும் சரியான தமிழே, இருந்தாலும் சாதாரண தரப் பரீட்சையில் வருவது நம் சொல். பின் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி இரண்டு நிரல் போடுங்கள், புதிய சொல்லைக் கண்டவர் அவரே போய் எழுதட்டும்.

ஒரு பாடவேளையில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் செய்ய முடியாது. கிழமைக்கு ஒரு பொருள், முடிந்தால் இரட்டைப் பாடவேளை, மற்ற நாட்கள் புத்தகமும் கடந்தகால வினாத்தாள்களும்தான். வரைபடத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள்: கூரான பென்சில், நிழல் தீட்டாத ஒற்றைக் கோடு, வலப்பக்கம் பெயர். பொருளைப் பார்த்து வரைந்த பிள்ளைக்குப் பரீட்சையில் படம் மறக்காது.

இன்னொன்று, காட்டிலிருந்து எதையும் பிடித்து வரச் சொல்லாதீர்கள். தவளை, ஓணான், பறவைக் கூடு எதுவும் வேண்டாம், இந்த மலைகளில் வேறெங்கும் இல்லாத இனங்கள் இருக்கின்றன. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனால் ஒரு இலையைக்கூட எடுக்க முடியாது, அது 1988-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே கொண்டுபோக வேண்டியது கொப்பியும் பென்சிலும் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும்.

அந்த முதல் நடையில் தொடங்கிய கொப்பியை நிறுத்தாமல் எழுதுங்கள். எந்த மாதம் தேயிலை பூத்தது, எந்த வாரம் பயறு எத்தனை நாளில் முளைத்தது, எந்தக் கானில் தவளைக்குஞ்சு வந்தது, எந்தப் பரிசோதனை சரிவரவில்லை, எல்லாம் திகதியோடு. இடமாற்றம் கிடைத்துப் போகும்போது அதை உங்கள் பெட்டியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போங்கள், அடுத்து வருகிறவர் ஆய்வுகூடம் எங்கே என்று கேட்கும்போது பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள்.